கேட்டது நீங்கள்: கையேந்தி பவன் பற்றி மூன்று கேள்விகள்

கேள்வி: மகன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். ராத்திரி எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டால் 'கையேந்தி பவன்' என்கிறான். பெயரைக் கேட்டதும் மனசு கேட்கவில்லை ஐயா. அது என்ன கடை?
– ஒரு தாய், திருவண்ணாமலை

பதில்: கவலைப்படாதீர்கள் அம்மா, அவன் காசு கொடுத்துத்தான் சாப்பிடுகிறான். ரோட்டோரத் தள்ளுவண்டிக் கடைக்குச் சென்னையில் அதுதான் பெயர். மேசை நாற்காலி கிடையாது, தட்டை ஒரு கையில் ஏந்தி மறு கையால் நின்றபடியே சாப்பிட வேண்டும், அதனால் கையேந்தி. சரவண பவன், வசந்த பவன் என்று சைவ ஓட்டல்கள் பெயர் வைத்துக்கொண்ட ஊரில் இதற்கும் ஒரு பவனைச் சேர்த்துவிட்டார்கள். கிண்டல் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே தினமும் சாப்பிடுகிறவர்களே உரிமையோடு சொல்லும் பெயர் அது, சிலர் அதையே கடை போர்டிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். மற்ற ஊர்களில் ரோட்டுக்கடை, வண்டிக்கடை, நாகர்கோவில் பக்கம் போனால் தட்டுக்கடை. கொஞ்ச நாள் பழகிவிட்டால் எல்லாப் பெயரும் போய் 'அக்கா கடை' ஆகிவிடும், உங்கள் மகனும் சீக்கிரம் அப்படித்தான் சொல்வான் பாருங்கள்.

அங்கே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், கட்டட வேலைக்கு வந்தவர், ஷிப்ட் முடிந்து வரும் செக்யூரிட்டி, திருவல்லிக்கேணி மேன்ஷனில் அடுப்பு வைக்க இடமில்லாமல் தங்கியிருக்கும் பையன்கள். 2013இல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கி இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று கொடுத்தார்கள் இல்லையா, அந்த வரிசையில் நின்றவர்களும் இவர்கள்தான். அரசாங்கம் வருவதற்கு முன்னால் இத்தனை பேர் பசியையும் தாங்கியது இந்த வண்டிகள்தான், இன்றைக்கும் ராத்திரி பதினொரு மணிக்குச் சூடாக ஒரு தோசை வேண்டுமென்றால் வண்டிதான்.

கேள்வி: மலிவு சரி, சுத்தம்? கறுத்துப் போன எண்ணெய், ஒரே வாளித் தண்ணீர். இதை எப்படி நம்பிச் சாப்பிடுவது?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நியாயமான கேள்வி. மோசமான கடைகள் இருக்கின்றன, அதை மூடி மறைத்து நான் யாருக்கும் நல்லது செய்யப்போவதில்லை. ஒரு வண்டிக்கு முன்னால் போய் நின்றால் நான் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். வண்டிக்குக் குழாய் கிடையாது, கேனிலோ குடத்திலோ கொண்டுவந்த தண்ணீரை வைத்துத்தான் ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டும், பாதிக் கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. தட்டின் மேல் இலையோ தாளோ விரிப்பதும் கழுவுகிற வேலையைக் குறைக்கத்தான். முன்பெல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து அதன் மேலேயே கொதிக்கிற சாம்பாரை ஊற்றுவார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை, ஆனாலும் இன்னும் சில இடங்களில் கண்ணில் படுகிறது. அங்கே சாப்பிடாதீர்கள், வாழை இலைத் துண்டு போடுகிற கடை பக்கத்திலேயே இருக்கும்.

அப்புறம் எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெய் சிதைந்து கெட்ட பொருள்கள் சேரும், அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. நம்மிடம் அளக்கும் கருவி இல்லை, கண்ணும் மூக்கும் போதும்: கறுத்து, நுரை கட்டி, தொண்டை கமறப் புகைந்தால் நகர்ந்துவிடுங்கள். இதில் ஒரு விஷயம் பலர் யோசிப்பதில்லை. வண்டியில் இருக்கிற பழைய எண்ணெய் எல்லாமே வண்டியில் பழசானது அல்ல, பெரிய இடங்களில் பொரித்து முடித்ததும் மலிவு விலைக்கு இங்கே வந்து சேர்கிறது. அதைத் தடுத்து, வாங்கி, பயோடீசல் ஆக்கத்தான் 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனித் திட்டமே கொண்டுவந்தது. பழியை மட்டும் தள்ளுவண்டி சுமக்கிறது.

ராத்திரி நேரம் கழித்துப் போனால் தேங்காய்ச் சட்னியை விட்டுவிடுங்கள், வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும். அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் சாம்பாரோ சால்னாவோ போதும்.

தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014இல் ஒரு மத்திய சட்டம் வந்தது. கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து, இடம் ஒதுக்க வேண்டும், அதை முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நிலையான இடமும் அதற்கு ஒரு குழாயும் சாக்கடை வசதியும் கிடைத்தால் நீங்கள் சொல்லும் அந்த ஒற்றை வாளி தானாகப் போய்விடும். நாளைக்கு எந்த மூலைக்கு விரட்டுவார்களோ என்று பயந்தபடி கடை போடுகிறவரிடம் சுத்தத்தை மட்டும் தனியாக எதிர்பார்க்க முடியாது, உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதைக் கேளுங்கள்.

கேள்வி: விலை குறைவான பிரியாணி என்றாலே நண்பர்கள் 'காக்கா பிரியாணி' என்கிறார்கள். உண்மை இருக்குமா?
– ஒரு மாணவர், தாம்பரம்

பதில்: சினிமா காமெடியிலிருந்து வந்த பேச்சு அது. 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு ஜோத்பூரிலிருந்து வந்த இறைச்சியை நாய்க்கறி என்று பரப்பினார்கள். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது அது ஆட்டுக்கறிதான். அதற்குள் பிரியாணிக் கடைகளின் வியாபாரம் படுத்துவிட்டது, அடி விழுந்ததில் அன்றாடம் விற்றுக் குடும்பம் நடத்துகிற சின்னக் கடைகளே அதிகம். விலை குறைவுக்குக் காரணம் சாதாரணமானது: பிராய்லர் கோழி, சின்னச் சின்ன பீஸ், அண்டாவில் சோறு அதிகம், வண்டிக்குப் பெரிய வாடகை கிடையாது. அந்த விலையும் முடியாதென்றால் குஸ்கா வாங்கலாம், பீஸ் இருக்காது, மசாலா அதேதான். நிஜமாகவே சந்தேகம் வந்தால் கறி எங்கே வாங்குகிறீர்கள் என்று கடைக்காரரிடமே கேளுங்கள், பதில் திருப்தியாக இல்லையென்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுங்கள். வண்டிக்கு முன்னால் நின்று அவர் காதுபட 'காக்கா' என்று மட்டும் சொல்லாதீர்கள்.