கொல்லையில் தாத்தா காலத்து வாழை, ரகம் தெரியவில்லை: எப்படிக் கண்டுபிடிப்பது?

தார் தள்ளாத கன்றை வைத்து ரகம் சொல்வது வீண்வேலை. மறுதாம்பில் (வெட்டிய மரத்தடியிலிருந்து வரும் அடுத்த விளைச்சல்) சீப்பு எண்ணிக்கையும் நம்பத்தக்கதல்ல. தண்ணீர் குறைந்தாலே இரண்டு சீப்பு போய்விடும். தார் தள்ளிய மரத்தில் பாருங்கள்.

மேலிருந்து மூன்றாவது இலையின் காம்பைக் குறுக்கே வெட்டுங்கள். நாம் பயிரிடும் வாழைகளின் மூதாதைகள் அக்யூமினேட்டா, பால்பிசியானா என்ற இரண்டு காட்டு வாழை இனங்கள். வாய்க்கால் போன்ற குழிவின் விளிம்புகள் விரிந்திருந்தால் அக்யூமினேட்டா வழி ஓங்கியது. உள்ளே மடங்கி மூடினால் பால்பிசியானா வழி. பூமடல் மேலே சுருண்டால் முன்னது, சுருளாமல் வெறுமனே தூக்கினால் பின்னது. 1955இல் வாழை ஆய்வாளர்கள் சிம்மண்ட்ஸும் ஷெப்பர்டும் வகுத்த 15 அடையாளங்களில் இவையும் உண்டு. நம் ரகங்கள் பெரும்பாலும் கலப்பு என்பதால் ஒரே அடையாளத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பிறகு ரகத்துக்கு வரலாம். இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கம் இளஞ்சிவப்பாக ஓடி, காய் நுனி மூக்குபோல் நீண்டு, பழம் லேசாகப் புளித்தால் பூவன். இலைக்காம்பு விளிம்பு சிவந்து, பழுத்ததும் சீப்பிலிருந்து தானே உதிர்ந்தால் ரஸ்தாளி. வாடல் நோய் இதைத்தான் முதலில் பிடிக்கும். காய் மேல் சாம்பல் பூத்து, பழம் வெல்லமாக இனித்து, எப்போதாவது பல்லில் விதை இடறினால் கற்பூரவள்ளி. முனை முனையாகப் பெருத்த கறிக்காய் மொந்தன்.

இன்னும் குழப்பமா? காம்பு வெட்டு, பூமடல், முழுத்தார் மூன்றையும் படமெடுத்து திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் கேளுங்கள்.