வானத்தைப் பார்க்காமல் பூமியின் சுழற்சியை அறியலாமா?

கேள்வி: ஜன்னலே இல்லாத அறைக்குள் இருந்துகொண்டு பூமி சுழல்வதைக் கண்டுபிடிக்க முடியுமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: தாராளமாக முடியும். 1851இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ, பாரிஸின் பாந்தியன் கட்டடத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆடவிட்டார். குண்டின் அடியிலிருந்த கூர்முனை, கீழே குவித்த மணலை ஆட்டத்துக்கு ஆட்டம் கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கீறியது. மணிக்குச் சுமார் 11 டிகிரி! ஊசலை யாரும் திருப்பவில்லை. அடியில் தரைதான் திரும்பியது. இயற்பியலில் எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை கிடையாது.

இந்தத் திருப்பம் இடத்துக்கு இடம் மாறும். துருவத்தில் ஊசலின் ஆட்டத் திசை ஒரு சுற்று திரும்ப ஒரு நாள். நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது. உங்கள் மதுரையில் மணிக்கு இரண்டரை டிகிரிதான், பொறுமை வேண்டும். அப்புறம், குண்டைக் கையால் தள்ளாதீர்கள், கோணலாக ஆடும். ஃபூக்கோ செய்ததுபோல நூலால் இழுத்துக் கட்டி, நூலை எரித்து விடுங்கள்.