மதினி வீட்டுப் பூனை வாடையும் தாய்மாமன் சீரும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். என் பேரு போடாதீங்க, கோவில்பட்டின்னு மட்டும் போட்டா போதும். மதினி உங்க பக்கத்தை படிக்க மாட்டாங்க, ஆனா அவங்க மக படிப்பா.

என் வீட்டுக்காரரோட அக்கா மெட்ராஸ்ல இருக்காங்க. மூணாவது மாடி, ரெண்டு பெட்ரூம் ஃபிளாட். மதினி தங்கமான மனுஷி, என் பிரசவத்துக்கு லீவு போட்டு வந்து கூட இருந்தவங்க. ஆனா அவங்க வீட்ல மூணு பூனையும் ஒரு லாப்ரடாரும் இருக்கு. கதவைத் திறந்தாலே மூஞ்சில அறையிற மாதிரி ஒரு மூத்திர வாடை, அதுவும் சோபா ஓரத்துலயும் கர்ட்டன் அடியிலயும் நின்னா கண்ணே எரியும். போன தடவை போயிருந்தப்ப தட்டுல சோத்தை வச்சிக்கிட்டு மூச்சை அடக்கி அடக்கி முழுங்குனேன், மதினி என்னையே பாத்துட்டு இருந்துட்டு, "என்ன புள்ள, ஏதும் விசேஷமா?"ன்னு கேட்டுட்டாங்க. மாமியார் வேற பக்கத்துல உக்காந்திருந்தாங்க. எனக்கு எங்க போய் மூஞ்சிய வைக்கன்னு தெரியல.

இப்ப மதினி மகளுக்கு கார்த்திகையில கல்யாணம். நாங்க தாய்மாமன் வீடு, ஒரு வாரம் முன்னாடியே வந்து நிக்கணும்னு சொல்லிட்டாங்க. லாட்ஜ்ல ரூம் போடலாமான்னு கேட்டதுக்கு, "எங்க அக்கா வீடு இருக்கப்ப லாட்ஜ்ல தங்குனா சொந்தக்காரன் என் மூஞ்சில துப்புவான்"னு இவர் குதிக்கிறாரு. அவருக்கு வாடையே தெரியலையாம். போன தடவை என் பையனுக்கு (எட்டு வயசு) ராத்திரி பூரா தும்மலும் இழுப்பும் வேற. ஊர் வந்ததும் சரியாயிட்டான். சாம்பிராணி போட்டுப் பாக்கலாமான்னு யோசிக்கேன். மதினி மனசும் நோகக்கூடாது, நானும் ஒரு வாரம் சோறு திங்கணும். நான் ஓவரா பண்றேனா அக்கா?

— கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள கோவில்பட்டி தங்கச்சிக்கு,

உங்க கடிதத்துல ஊரையும் உறவையும் விட்டுட்டு மத்த அடையாளமெல்லாம் கொஞ்சம் மாத்தித்தான் போட்டிருக்கேன். அப்படியும் கல்யாணப் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா, அவ உங்க பக்கம்தான் நிப்பா, கவலைப்படாதீங்க. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க அந்த சோபாலதான் வந்து உக்காரணும்னு அவளுக்கும் தெரியும்ல.

ஓவரா பண்ணல. அதே மாதிரி உங்க வீட்டுக்காரரும் பொய் சொல்லல. ஒரே வாடை விடாம அடிச்சா கொஞ்ச நேரத்துல மூக்கும் மூளையும் சேந்து அதை கணக்குலேர்ந்து கழிச்சிடும், எல்லா மனுஷனுக்கும் அப்படித்தான். மதினி அங்கயே குடியிருக்காங்க, அவங்களுக்கு நெசமாவே தெரியாது, அதனால "எப்படித்தான் இதுக்குள்ள இருக்காங்களோ"ன்னு மனசுல ஒரு எடை போடறத மொதல்ல நிறுத்திடுங்க. உங்களுக்கும் அந்த வசதி உண்டு, உள்ள போய் ஒரு பத்து நிமிஷம் உக்காந்துட்டா வாடை பாதியா குறைஞ்ச மாதிரி இருக்கும். நாம என்ன பண்றோம், தாங்க முடியலன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாடிப்படில போய் மூச்சு வாங்கிட்டு வர்றோம், ஒவ்வொரு தடவையும் உள்ள நுழையறப்ப மொதல்லேர்ந்து அறையுது. ஆனா கண்ணு எரியுதுன்னு சொன்னீங்க பாருங்க, அது வேற, அது அமோனியா, அதுக்கு அவ்வளவு லேசுல பழக முடியாது, பழகவும் வேண்டாம்.

சோபா ஓரம், கர்ட்டன் அடின்னு இடத்தையும் நீங்களே சொல்லிட்டதால எனக்கு வேலை மிச்சம். அந்த மூணுல ஒண்ணாவது கருத்தடை ஆபரேஷன் பண்ணாத ஆம்பளைப் பூனையா இருக்கும். பொட்டைப் பூனையும் சிலது செய்யும், ஆனா இந்த அளவுக்கு நாறாது. வாலைத் தூக்கி லேசா நடுங்கிக்கிட்டே பின்பக்கமா பீச்சி அடிக்கும், தரையில இல்லாம நிக்கிற பொருள் மேல, அதான் சோபாவும் கர்ட்டனும். பூனை மூத்திரத்துல ஃபெலினின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு, வளந்த ஆம்பளைப் பூனைக்கு அது ரொம்ப ஜாஸ்தி, வெளிய வந்த அப்புறம் அது உடைஞ்சு கந்தகம் கலந்த வாடையா மாறும். அதனாலதான் புதுசா அடிச்சதை விட பழைய கறை மோசமா நாறுது. கூடவே யூரிக் அமிலம் படிகம் படிகமா துணியிலயும் ஸ்பாஞ்சுலயும் ஒட்டிக்கும், சாதா சோப்பு தண்ணிக்கு லேசுல கரையாது, வெயில் காலத்துல சும்மா கெடக்கும், காத்துல ஈரம் ஏறினதும் திரும்ப வாடை கிளம்பும். கல்யாணம் கார்த்திகையில! மெட்ராஸ்ல மழை கொட்டற மாசம், ஜன்னலையும் சாத்தி வச்சிருப்பாங்க. போன தடவை நீங்க பாத்தது ட்ரெய்லர்.

அதனால ஒரு வாரத்தை எப்படி ஓட்டறதுங்கறது ரெண்டாவது கேள்வி, மொதல்ல கார்த்திகைக்கு முன்னாடி என்ன செய்யலாம்னு பாருங்க. இதை நீங்க சொல்லக்கூடாது. உங்க மாமியாரும் சொல்லக்கூடாது. தம்பி சொல்லணும், ஃபோன்ல சொல்லணும், இப்பவே சொல்லணும். நீங்க சொன்னா அது "நாத்தனார் வீட்டை குத்தம் சொல்ல வந்துட்டா"ன்னு பத்து வருஷம் ஓடும், தம்பி சொன்னா ரெண்டு திட்டு திட்டிட்டு செஞ்சிடுவாங்க. "அக்கா, மாப்பிள்ளை வீட்ல எல்லாம் வந்து போவாங்க, அந்த ஆம்பளைப் பூனைக்கு ஆபரேஷன் பண்ணிட்டியா, சோபாவெல்லாம் அடிச்சு வச்சிருக்கே, அதையும் ஒரு கிளீனிங் பண்ணிடுவோம், செலவு நான் தரேன்" — இவ்வளவுதான் வசனம். எங்களுக்கு குமட்டுதுன்னோ, அவளால முடியலன்னோ வாயைத் திறக்கக்கூடாது. தனக்கு வாடையே தெரியலையேன்னு உங்க வீட்டுக்காரர் இழுத்தா, பையனோட இழுப்பை ஞாபகப்படுத்துங்க.

ஆபரேஷன் பண்ணா பத்துல கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பளைப் பூனை அடிக்கறத விட்டுடும் இல்ல நல்லா குறைச்சிக்கும், ஆனா மறுநாளே நிக்காது, உடம்புல ஹார்மோன் இறங்க சில வாரம் ஆகும், அதனால ஐப்பசில போய் பண்ணி பிரயோஜனம் இல்ல, ஆவணி தாண்டக்கூடாது. மெட்ராஸ்ல தனியார் டாக்டருக்கு பஞ்சமே இல்ல, செலவு யோசிச்சா வேப்பேரி வெட்டினரி காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு. ஒண்ணு மட்டும், பூனை திடீர்னு கண்ட இடத்துல உக்காந்து முக்கி முக்கி சொட்டு சொட்டா விடுதுன்னா அது அடிக்கறது இல்ல, மூத்திரப் பாதை அடைப்பா இருக்கலாம், ஆம்பளைப் பூனைக்கு அது உயிர் போற விஷயம், அன்னிக்கே தூக்கிட்டு ஓடணும்.

அப்புறம் கிளீனிங். கல்யாண வீடுன்னா மொதல்ல பெயின்ட் அடிப்பாங்க, இங்கதான் காசு வீணாகும். கறை இருக்கிற சுவத்து மேல அப்படியே பெயின்ட் அடிச்சா ரெண்டு மழைக்கு வாடை மேல வந்துடும். மொதல்ல எங்கெங்க அடிச்சிருக்குன்னு கண்டுபிடிக்கணும், அதுக்கு கள்ளநோட்டு பாக்குற யூவி டார்ச் போதும், ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சிட்டு சுவத்தோரமா, சோபா கால் கிட்ட, கதவு இடுக்குல அடிச்சா மூத்திரம் பட்ட இடமெல்லாம் மங்கலா மஞ்சப்பச்சையா மினுங்கும். முழங்கால் உயரத்துல ஒரு வழிசல், அங்கேர்ந்து கீழ ஓடி தரையில ஒரு குட்டை. (இதை மதினி கையில குடுத்து அவங்களையே அடிச்சுப் பாக்க சொல்லணும். மூக்குக்கு தெரியாதது கண்ணுக்கு தெரிஞ்சிடும், அப்புறம் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல.) அந்த இடத்துல பெட் ஷாப்ல கிடைக்கிற என்ஸைம் கிளீனரை ஊத்தி நல்லா ஊற விடணும், மேலாப்புல தெளிச்சு துடைக்கிறது வேஸ்ட், மூத்திரம் எவ்வளவு ஆழம் போச்சோ அதுவும் அவ்வளவு ஆழம் போகணும், தானா காயணும். சோபா ஸ்பாஞ்சு உள்ள வரைக்கும் ஊறியிருந்தா எந்த மருந்தும் கேக்காது, ஸ்பாஞ்சை மாத்தறதுதான் வழி. லேசான வாடைக்கு ஆப்பசோடா தூவி ராத்திரி விட்டு காலையில வேக்குவம் போடலாம்.

செய்யக்கூடாதது ரெண்டு இருக்கு. ஒண்ணு, பிளீச்சிங்கை கொண்டு போய் மூத்திரம் இருக்கிற இடத்துல கொட்டறது. அமோனியாவும் பிளீச்சும் சேந்தா கிளம்பற புகை நுரையீரலை அரிக்கும், அதுலயே பாத்ரூம் ஆசிட்டும் சேத்தா குளோரின் வரும், நம்ம ஊர்ல வேலை செய்யற அம்மாங்க பாதி பேரு இதை தெரியாமலே பண்றாங்க. ரெண்டு, ஃபினாயில். பூனையோட கல்லீரலால அதுல இருக்கிற ஃபினால் வகையறாவை சரியா உடைக்க முடியாது, துடைச்ச தரையில நடந்துட்டு பாதத்தை நக்கும், அவ்வளவுதான் கதை. நாப்தலின் உருண்டை, கற்பூரம், யூக்கலிப்டஸ் எண்ணெய் இதெல்லாமும் பூனைக்கு ஆகாது. சாம்பிராணி பத்தி கேட்டீங்க, வேண்டவே வேண்டாம். மூத்திர வாடையோட சாம்பிராணி வாடையும் சேந்து மூணாவதா ஒண்ணு வரும், அது முன்னதை விட கேவலம், போதாக்குறைக்கு இழுப்பு இருக்கிற பையன் பக்கத்துல புகை.

லாப்ரடாருக்கு பெருசா ஒண்ணும் சொல்ல இல்ல. மழையில நனைஞ்ச நாய் நாறத்தான் செய்யும், ரோமத்துல இருக்கிற கிருமிங்களோட வாடை ஈரத்துல கிளம்பும், நல்லா துவட்டி காய வச்சா போயிடும். குளிப்பாட்டியும் புளிச்ச வாடை அடிச்சா காதைத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க, தொங்கு காது நாய்க்கு உள்ள பூஞ்சை வரும். மீன் கவுச்சி அடிச்சா பின்பக்க சுரப்பி, டாக்டர் ரெண்டு நிமிஷத்துல எடுத்து விடுவாரு.

இப்ப உங்க ஒரு வாரம். ஒரு உண்மையை சொல்லிடறேன், கல்யாண வாரத்துல அந்த வீடு சாதாரண நாளை விட மோசமாத்தான் இருக்கும், காரணம் நீங்கதான், அதாவது வந்து இறங்கற சொந்தக்காரங்க எல்லாரும். புது ஆளு, புது வாசனை, சத்தம், சாமான் இடம் மாறறது, இதெல்லாம் பூனைக்கு பயம், பயந்த பூனை இன்னும் ஜாஸ்தி அடிக்கும், அதுவும் வெளியூர்லேர்ந்து வந்த பையின்னா அதுக்கு தனி ஆசை. பட்டுப்புடவை வச்ச பையை தரையில திறந்து போட்டு வச்சீங்கன்னா அப்புறம் என்னைத் திட்டாதீங்க. ஜிப்பை மூடி பீரோக்குள்ள, இல்ல ஆணியில. கல்யாணம் முடியற வரைக்கும் பூனைங்களை ஒரே பெட்ரூம்ல தண்ணி, தட்டு, மண் ட்ரே எல்லாம் வச்சு அடைச்சு வைக்கிறது அதுங்களுக்கும் நிம்மதி, வாசக்கதவு திறந்தே கெடக்கற வீட்ல ஓடிப்போகாம இருக்கும், இந்த யோசனையை தாராளமா நீங்களே சொல்லலாம், இதுல குத்தம் எதுவும் இல்ல. மூணு பூனைக்கு நாலு ட்ரே வைக்கணும்னு டாக்டருங்க சொல்வாங்க. ஃபிளாட்ல எங்க வைக்கறது, ரெண்டாவது வச்சு காலையில ராத்திரி அள்ளினா பெரிய விஷயம். அந்த அள்ளற வேலையை உங்க வீட்டுக்காரர் ஏத்துக்கட்டும், அவருக்குத்தான் வாடை தெரியாதே.

உங்கள்ல யாரு அங்க படுத்தாலும் வீட்லேர்ந்தே ஜமக்காளமும் தலகாணி உறையும் எடுத்துட்டுப் போங்க, "கல்யாண வீட்ல உங்களுக்கு துவைக்கிற வேலை வேண்டாம் மதினி"ன்னு சொன்னா அவங்க சந்தோஷம்தான் படுவாங்க. ஏசி ரூம்ல படுத்தா வாடை இருக்காதுன்னு நினைக்காதீங்க, ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வராது, ரூம்ல இருக்கிற அதே காத்தைத்தான் சுத்தி சுத்தி விடும். வலை போட்ட ஜன்னல் இருந்தா அதுக்கு கீழ படுங்க. வலை இல்லாத ஜன்னலை நீங்களா திறக்காதீங்க, மூணாவது மாடிலேர்ந்து பூனை விழுந்தா அந்தப் பழி ஆயுசுக்கும் போகாது. சாப்பாட்டை பால்கனிலயோ மொட்டை மாடியில குழந்தைங்களோட பந்தியாவோ வச்சுக்குங்க.

லாட்ஜ் விஷயம். எட்டு வயசு பையனுக்கு இழுப்பு வந்ததுக்கு அப்புறம் இது மானப் பிரச்சினை இல்ல. இழுப்புக்கு வாடை மட்டும்தான் காரணம்னு நினைக்காதீங்க, பூனையோட எச்சில், தோல்லேர்ந்து வர்ற ஒரு புரதம் தூசியா காத்துல மெதக்குது, வீட்டை எவ்வளவு மணக்க மணக்க கழுவினாலும் அது மாசக்கணக்குல தங்கும். ஒத்துக்காத குழந்தை அங்க ராத்திரி தூங்கக்கூடாது, அவ்வளவுதான். பகல்லயும் பூனை அடைச்ச ரூம் பக்கம் போகாம பாத்துக்குங்க. கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காமிச்சிடுங்க. உங்க வீட்டுக்காரர் அக்கா வீட்லயே தங்கட்டும், தாய்மாமன் அங்க நிக்கறதுதான் சபைக்கு முக்கியம். நீங்களும் பையனும் பகல் பூரா வேலை செஞ்சுட்டு ராத்திரி மட்டும் பக்கத்துல ஒரு ரூமுக்கு போங்க. "டாக்டர் சொல்லிட்டாரு"ன்னு சொல்லுங்க, நம்ம சனம் சாமி சொன்னாக்கூட எதுத்துப் பேசும், டாக்டர் சொன்னா பேசாது. முந்தின நாள் சாயங்காலத்துலேர்ந்து மண்டபத்துல ரூம் குடுத்துடுவாங்க, மொத சாவியை நீங்க வாங்கிடுங்க. முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு ஏழு நாள் அந்த வீட்டுக்குள்ள சுத்தறதை விட ராத்திரி வெளிய படுக்கறது மதினிக்கு எவ்வளவோ மரியாதை.

டாக்டர் இன்ஹேலர் எழுதிக் குடுத்தா அதை கைப்பையில வையுங்க, சூட்கேஸ்ல வேண்டாம். கல்யாண வீட்ல சூட்கேஸை யாராவது பரண்ல ஏத்திடுவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு தேட முடியாது.