மதில் நின்றும் ஏதென்ஸ் ஏன் விழுந்தது?

மதில் இடியாமல் நின்றபோதும் கி.மு. 404-ல் கிரேக்க நகரமான ஏதென்ஸ் எதிரியான ஸ்பார்ட்டாவிடம் ஏன் சரணடைந்தது என்று கேட்டிருந்தீர்கள். மதிலை விடுங்கள், சாப்பாட்டைப் பாருங்கள். ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா மண்ணில் ஆலிவ், திராட்சை நன்றாக வரும், பார்லி ஓரளவு வரும், கோதுமைதான் கைகொடுக்காது. அதனால் தானியத்தில் பெரும்பங்கு கருங்கடல் கரையிலிருந்து கப்பலில் வந்தது. வழியில் ஹெலஸ்பாண்ட் நீரிணை. குறுகலான இடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் அகலம்கூட இல்லை!

முந்தைய ஆண்டு அங்கேதான், ஈகோஸ்பொட்டமியில், ஏதென்ஸ் மாலுமிகள் கரையில் உணவு தேடிச் சிதறியிருந்த நேரம் பார்த்து ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர் கப்பல்களை அப்படியே அள்ளிக்கொண்டார். அப்புறம் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தையும் அடைத்தார். தானியம் வர வழியில்லை, உள்ளே பட்டினி. மதில் இருந்து என்ன பயன்? கடைசியில் அந்த மதிலையே குழலிசை முழங்க இடித்தார்களாம்.