அப்பா தூங்குகிறார், பட்டனை நான் அழுத்தலாமா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி கவனிப்புப் பிரிவில் பணிபுரியும் மூத்த செவிலியர்

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் முடிந்திருக்கிறது. வலிக்கு மார்ஃபின் ஏற்றும் பம்ப் வைத்து, அவர் கையில் ஒரு பட்டனைக் கொடுத்திருக்கிறார்கள். தூக்கத்தில் முனகினாரே என்று நான் அதை அழுத்தப் போனேன். நர்ஸ் ஓடி வந்து தடுத்துவிட்டார். வலியில் கிடக்கும் அப்பாவுக்கு மகள் உதவக் கூடாதா?

பதில்: அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் ஓடித்தான் வந்திருப்பேன். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் வலி யாருக்கோ, அவரேதான் அழுத்த வேண்டும். அந்தப் பம்பின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. மருந்து கொஞ்சம் கூடிப்போனால் அப்பாவுக்கு முதலில் கண் சொக்கும். சொக்கினால் கை பட்டனைத் தேடாது, அடுத்த டோஸும் போகாது. நீங்கள் அழுத்தினால் இந்தக் காவல் உடைந்துவிடுகிறது.

ஒரு டோஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே பம்ப் பூட்டிக்கொள்ளும், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம். அதை நம்பி இருந்துவிட முடியாது. தூங்குகிறவருக்குப் பூட்டு திறக்கும்போதெல்லாம் யாராவது அழுத்திக்கொண்டே இருந்தால், மருந்து உடம்பில் சேர்ந்துகொண்டேதான் போகும்.

முனகினால் எழுப்பி, “வலிக்குதாப்பா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவரே அழுத்தட்டும். அழுத்தியும் வலி அடங்கவில்லை என்றால் நர்ஸிடம் சொல்லுங்கள். மார்ஃபினை மட்டும் கூட்டிக்கொண்டே போகாமல், பாராசிட்டமால் சேர்ப்பது, நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவது என்று வேறு வழிகளும் உண்டு. வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்கச் சொல்லாதீர்கள். வலிக்குப் பயந்து அவர் இருமாமலும் ஆழமாக மூச்சு இழுக்காமலும் இருந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும்.

கேள்வி: ஆபரேஷன் ஆன இரவு என் கணவரை நர்ஸுகள் திரும்பத் திரும்பத் தட்டி எழுப்பினார்கள். மூக்கில் ஆக்சிஜன் போகிறது, விரலில் மாட்டிய கருவி 97 காட்டுகிறது, நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறார். அப்புறம் எதற்கு எழுப்ப வேண்டும்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் முழுப் பக்கத்தையும் கொடுக்கலாம். நீங்கள் நிம்மதி என்று எழுதிய மூன்றையும் நான் வேறு மாதிரி பார்க்கிறேன்.

முதலில் அந்த 97. விரல் கருவி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைத்தான் அளக்கிறது. மூச்சு குறையும்போது கரியமில வாயு வெளியே போகாமல் உள்ளே ஏறும். அந்த ஏற்றம் இந்தக் கருவிக்குத் தெரியாது. மூக்கில் தனியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால் மூச்சு நன்றாகக் குறைந்த பிறகும் எண் அழகாகவே நிற்கும். அது விழும்போது கையில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபி என்ற கருவி முன்கூட்டியே எச்சரிக்கும். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்காவது அதை வைக்க முடியுமா என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

அடுத்து குறட்டை. மார்ஃபின் வகை மருந்துகள் மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதியை மந்தமாக்குகின்றன. கரியமில வாயு ஏறினால் ‘மூச்சு விடு’ என்று உடம்பு தன்னையே உந்தும் அல்லவா, அந்த உந்துதல் மங்கிவிடும். அதனால் நோயாளி திணற மாட்டார், தவிக்க மாட்டார். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை பாதி அடைபட்ட சத்தத்தை, நல்ல தூக்கம் என்று நினைத்து வீட்டார் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். இதை நினைத்தாலே எனக்கு மனசு பதறும்.

மூன்றாவது, தூக்கம். பெரும்பாலும் மூச்சு குறைவதற்கு முன்பே மயக்கம் ஆழமாகும். அதைப் பிடிக்கத்தான் நாங்கள் எழுப்புகிறோம். கூப்பிட்டதும் கண் திறந்து, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கினால் சரி. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் கண் செருகினால் சரியில்லை. அடுத்த டோஸை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுவோம். எழுப்புவதற்கு முன் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுவோம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பத்துக்குக் கீழே போனால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் மூச்சு மேலோட்டமாகவோ விட்டுவிட்டோ வந்தாலும் கூப்பிடுங்கள். முதல் 24 மணி நேரம்தான் மிகவும் கவனிக்க வேண்டிய நேரம்.

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, சிறுநீரகக் கோளாறு (மார்ஃபினின் கழிவு வெளியேறாமல் தங்கிவிடும்), தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, மதுப் பழக்கம். மதுவைக் கூச்சத்தால் மறைத்துவிடாதீர்கள்.

மார்ஃபினின் வேலையை முறிக்கும் மருந்து உண்டு. நாலோக்சோன் கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், மார்ஃபின் அதற்கு மேலும் நிற்கும். அதனால் எழுந்து பேசிவிட்டார் என்று யாரும் படுக்கையை விட்டு நகரக் கூடாது.

கேள்வி: புற்றுநோய் வலிக்காக அம்மாவுக்கு மார்பில் ஃபெண்டனில் பேட்ச் ஒட்டியிருக்கிறார்கள். வார்டில் குளிர்கிறது என்கிறார். வெந்நீர்ப் பை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஃபெண்டனிலும் மார்ஃபின் வகை மருந்துதான். சூடு பட்டால் தோல் வழியாக மருந்து வேகமாக இறங்கும். கூடுதலாக ஒரு போர்வை கொடுங்கள். காய்ச்சல் வந்தாலும் இதே ஆபத்து இருப்பதால் உடனே சொல்லுங்கள். பேட்ச்சைக் கழற்றிய பிறகும் ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய 17 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை கவனிப்பு தொடர வேண்டும். கழற்றியதில் இன்னும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்து நர்ஸ் கையில் கொடுத்துவிடுங்கள், குழந்தைகள் எடுக்கும்படி குப்பைக் கூடையில் போடாதீர்கள்.