அக்கா, இந்த வாரம் என்ன பார்க்கலாம்?

(சேலம் குகைப் பகுதியைச் சேர்ந்த மேடை நகைச்சுவையாளர், தாம் பார்த்துச் சிரித்ததையும் வியந்ததையும் வாரந்தோறும் வாசகர்களுக்குப் பரிந்துரைக்கும் பகுதி.)

கேள்வி: ஆடி மாதம் குடும்பத்தோடு சேலம் வருகிறோம். கோட்டை மாரியம்மனைக் கும்பிட்ட பிறகு, மனம் விட்டுச் சிரிக்கவும் ஏதாவது பார்க்க வேண்டும். எதைச் சொல்வீர்கள் அக்கா?
— வாசகர், ஈரோடு

வண்டி வேடிக்கை. யோசிக்கவே வேண்டாம். எங்கள் குகை மாரியம்மன், காளியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் வண்டிகளை அலங்கரித்து, அவற்றின் மேல் சிலைகளுக்குப் பதிலாக மனிதர்களே சிவனாகவும் ராமனாகவும் காளியாகவும் வேடம் பூண்டு வலம் வருவார்கள். பக்தி உள்ளவர்கள் கையெடுத்துக் கும்பிடலாம். என் தொழிலில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது வேறு. வண்டி நகரும்போது அசையாமல் இருப்பதுதான் வேடக்காரர்களுக்குப் பெருமை. கிரீடம் நெற்றியை அறுக்கும். சாயம் வியர்வையோடு சேர்ந்து கண்ணில் இறங்கும். பின்னால் ஜெனரேட்டர் புகை விடும். அத்தனைக்கும் நடுவில் பரமசிவன் கண் இமைக்காமல் அருள்பாலிக்க வேண்டும்.

ஒரு வருடம் எங்கள் தெரு முனையில் ராவணன் வண்டி மின்கம்பிக்குக் கீழே மாட்டிக்கொண்டது. இளைஞர்கள் மூங்கிலைக் கொண்டுவந்து கம்பியைத் தூக்கிப் பிடித்தார்கள். அட்டையில் செய்த ஒன்பது தலைகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. நடுவில் இருந்த சொந்தத் தலை மட்டும் நிமிர்ந்தபடியே இருந்தது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்த நேரம் பார்த்து, கூட்டத்திலிருந்து அவருடைய மனைவி இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்து, "வீட்டுச் சாவியை எங்கே வைத்தீர்கள்?" என்று குரல் கொடுத்தார். இலங்கை வேந்தர் திரும்பிப் பார்க்கவில்லை, வாயும் திறக்கவில்லை. ஒரே ஒரு கை மட்டும் மெல்ல இறங்கி, இடுப்புப் பட்டையைத் தொட்டுக் காட்டியது. இருபது கைகளில் எது உண்மையான கை என்று ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதை நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. வந்து பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை: நேரான சாலையில் நிற்காதீர்கள், திருப்பத்தில் நில்லுங்கள். தெய்வங்களுக்குச் சோதனை அங்கேதான்.

கேள்வி: என் கணவர் காலையில் எழுந்ததும் குடும்பக் குழுவில் பத்து நகைச்சுவைத் துணுக்குகளை அனுப்புகிறார். எல்லாமே மனைவியைக் கிண்டல் செய்பவை. என்ன செய்வது?
— வாசகி, அம்மாப்பேட்டை

பத்தையும் அவருடைய அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மாமனார் பக்கத்தில் இருக்கும்போது.

கேள்வி: பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனால் படகு, லேடீஸ் சீட், மிளகாய் பஜ்ஜி, திரும்பி வருதல் என்று ஆகிவிட்டது. இந்த முறை அவர்கள் வியக்கும்படி ஒன்று சொல்லுங்கள்.
— வாசகி, நாமக்கல்

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. 1963-இல் தொடங்கியது. ஆர்க்கிட் பூக்களைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். நீங்கள் குடுவைச் செடி எங்கே என்று கேளுங்கள். மேகாலயக் காடுகளைச் சேர்ந்த பூச்சி தின்னும் செடி அது. இலையின் நுனி நீண்டு சிறிய குடுவையாகத் தொங்கும். மேலே ஒரு மூடி. பூச்சி வந்து உட்கார்ந்தவுடன் மூடி படீரென்று மூடிக்கொள்ளும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது மூடவே மூடாது. மழைத் தண்ணீர் உள்ளே நிறைந்துவிடாமல் காப்பது அதன் வேலை. குடுவையின் விளிம்பில் தேன் சுரக்கும், வழுக்கலும் இருக்கும். தேனுக்கு வந்த பூச்சி தானாகவே கால் வழுக்கி உள்ளே இருக்கும் திரவத்தில் விழும். அந்தத் திரவமே அதைக் கரைத்துச் செடிக்குச் சத்தாக்கிவிடும். மண்ணில் சத்துக் குறைவான இடத்தில் பிறந்த செடி கண்டுபிடித்த வழி அது.

என் தம்பி மகன் இந்தச் செடியின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். நேரம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பொறுமை இழந்து, "இது எப்போது சாப்பிடும்?" என்று அங்கே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டான். அவர் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், "சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது" என்றார். நல்ல நகைச்சுவைக் கலைஞர் இந்தச் செடியைப் போன்றவர். துள்ளிக் குதிக்க மாட்டார், கூட்டம் தானாக வழுக்கி விழும் வரை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். தண்ணீர் விட்டவரும் அந்த இனம்தான் என்று நினைக்கிறேன்.

ஆராய்ச்சிக்கான இடம் என்பதால், திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள். மேலே போகும் வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். வாந்தி எடுக்காமல் இருபதையும் எண்ணும் பிள்ளைக்கு இரண்டு தட்டு பஜ்ஜி என்று அறிவித்துவிடுங்கள். பெரும்பாலும் பணம் மிச்சமாகும்.

கேள்வி: பாட்டிக்கு 84 வயது. காது சுத்தமாகக் கேட்காது. தொலைக்காட்சியில் நாங்கள் சிரிக்கும்போது எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மனம் கஷ்டமாக இருக்கிறது.
— கல்லூரி மாணவர், ஓமலூர்

தம்பி, உங்கள் பாட்டிக்காகவே ஒருவர் அமெரிக்காவில் 1895-இல் பிறந்தார். பெயர் பஸ்டர் கீட்டன். பேசாப் படக் காலத்து நடிகர். நடக்கத் தொடங்கிய வயதிலேயே பெற்றோரோடு மேடை ஏறியவர். அப்பா மகனைத் தூக்கி எறிவதுதான் அந்தக் குடும்பத்தின் நிகழ்ச்சி. தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை என்பதைச் சிறுவனாக இருந்தபோதே கவனித்துவிட்டார். பிறகு திரையில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வதையே தன் அடையாளமாக்கிக்கொண்டார்.

1928-இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தின் கடைசிப் பகுதியை மட்டும் பாட்டிக்குப் போட்டுக் காட்டுங்கள். புயல் அடிக்கிறது. கீட்டன் தெருவில் ஒன்றும் புரியாமல் நிற்கிறார். பின்னால் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து அவர் மேலேயே விழுகிறது. சுவரின் உச்சியில் திறந்திருந்த ஜன்னல் சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்குகிறது. சுவர் நிஜமானது, எடை டன் கணக்கு. உடம்புக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி சில அங்குலமே. ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் படமும் இல்லை, ஆளும் இல்லை.

என் மாமியாருக்குக் காட்டினேன். "பாவி, இவனைப் பெற்றவள் பார்த்தால் என்ன ஆவாள்!" என்றார். பிறகு, "இன்னொரு முறை போடு" என்றார்.

கேள்வி: தன்னம்பிக்கைப் பேச்சுகளில் கேட்கத் தகுந்தது எது?
— வாசகர், ராசிபுரம்

பேச்சு எதற்கு? பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு தாண்டும் காட்சிகளைப் பாருங்கள். சேலம் மாவட்டக்காரர். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. பாரிசில் 1.85, வெண்கலம். டோக்கியோவில் பாதிப் போட்டியில் மழை வலுத்து, பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்துபோய்த் தாண்டக் கஷ்டமாகிவிட்டது என்று அவரே சொன்னார். தங்கம் கைவிட்டுப் போன இடத்தில் காலுறையைப் பற்றிப் பேசும் மனிதரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

டீக்கடையில் ஒரு பெரியவர், "தங்கம், வெள்ளி, வெண்கலம், ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகிறதே" என்று வருத்தப்பட்டார். "ஐயா, 1.85 மீட்டர் என்றால் ஆறடிக்கும் மேல். நீங்கள் இந்தக் கடைப் படி ஏறும்போதே தூணைப் பிடித்தீர்கள்" என்றேன். டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.

கேள்வி: நான் மேடை நகைச்சுவைக்கு வர விரும்புகிறேன். யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்? வெளிநாட்டவர் நிகழ்ச்சிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.
— மாணவி, ஆத்தூர்

பார்த்தது நல்லதுதான் கண்ணு. இனி ஒரு இரவு முழுக்க விழித்திருக்கத் தயாராகிக் கொள். நம் சேலம், தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாவுக்குத் தெருக்கூத்து வைத்தால் போய் உட்கார். ராஜாவையும் ராணியையும் மற்றவர்கள் பார்க்கட்டும். நீ கூத்தின் கோமாளியான கட்டியங்காரனையே பார். வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னால் பாடி ஆடிக்கொண்டு வருவார். "நீங்கள் யார், எந்த நாடு, எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்கும் உரிமை கட்டியங்காரனுக்கு மட்டும்தான். அவன் பாரதக் கதைக்குள்ளேயும் இருப்பான், ஊருக்குள்ளேயும் இருப்பான். ஓமலூர்ப் பக்கம் ஒரு கூத்தில் துரியோதனன் தனக்குச் சொந்தமான தேசங்களை எல்லாம் அடுக்கி முடித்தார். கட்டியங்காரன் பணிவாகக் குனிந்து, "அப்படியானால் இந்த ஊர் சாக்கடையும் மகாராஜா கணக்கில்தான் வருமா?" என்றான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கேள்வியை அவன் எந்த இடத்தில் வைத்தான் என்பதுதான் உனக்குப் பாடம். துரியோதனன் மூச்சு வாங்கும் வரை காத்திருந்தான். ஹார்மோனியம் நின்ற பிறகுதான் வாயைத் திறந்தான். இடையில் புகுந்திருந்தால் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. விடியற்காலை மூன்று மணிக்குத் தூங்கி வழியும் கூட்டத்தை எழுப்பத் தெரிந்தவனுக்கு, குளிரூட்டிய அரங்கத்தில் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தவர்களைச் சிரிக்கவைப்பது பெரிய காரியமே இல்லை. கையோடு போர்வை கொண்டு போ. வீட்டுப் பெரியவர் ஒருவரையும் துணைக்கு அழைத்துப் போ.

கேள்வி: யாரையும் புண்படுத்தாமல் நகைச்சுவை செய்ய முடியுமா?
— வாசகர், தாரமங்கலம்

புண்பட வேண்டியவர் யார் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். நந்தனார் சரித்திரம் சொல்லும் அதே முறையில், பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டப்பட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்துச் சிறுவன் ஒருவன் ரயிலேறி நகரத்துக்குப் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வரும் கதை. 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அதைப் பார்க்கலாம். கிந்தனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. விரட்டிய வாத்தியாரைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். குண்டானவர், கறுப்பானவர், திக்கிப் பேசுபவர் என்று தேடித் தேடிக் கிண்டல் செய்பவர்கள் இதை ஒரு முறை பார்த்துவிட்டு மேடை ஏறலாம்.

கேள்வி: உறவினர் வீட்டுத் திருமணத்தில் பந்திக்கு ஒன்றரை மணி நேரம் காக்கவைத்தார்கள். சண்டை போடாமல் திட்டுவது எப்படி?
— வாசகர், எடப்பாடி

காளமேகப் புலவரிடம் போங்கள். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவருடைய சத்திரத்தில் அவருக்கும் இதே கதிதான். பொழுது சாயும் நேரத்தில்தான் அரிசி வந்து சேருமாம். அதைக் குத்தி உலையில் போடும்போது ஊர் அடங்கிவிடுமாம். ஒரு அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடுமாம். நான்கு வரியில் முடித்துவிட்டார். ஒரு வசைச் சொல் கிடையாது. நேரத்தை மட்டும் குறித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். சத்திரத்துக்காரர் பதறிப்போய் வந்து நின்றதும், அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகவும் பொருள் சொல்லித் தப்பித்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அந்த இரண்டாவது வித்தை கைவராதவர்கள் மொய் எழுதிய பிறகு திட்டுவது நல்லது.

கேள்வி: சென்னை நண்பன், "உங்கள் சேலத்தில் மாம்பழத்தை விட்டால் என்ன இருக்கிறது?" என்கிறான்.
— வாசகர், கன்னங்குறிச்சி

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பதில் நிற்கிறதே! ஏற்காடு சாலையில் இருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவுக்கு அவரை அழைத்துப் போங்கள். டி.ஆர். சுந்தரம் தொடங்கிய நிறுவனம். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) அவர்கள் தயாரித்ததுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அவர்களுடையதே. சொல்லி முடித்ததும் ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். பீட்ரூட் துருவலும் சட்னியும் வைத்த அந்த இரண்டு வடைகளை அப்படியே ஒரே வாயில் போட வேண்டும். நண்பர் கொஞ்ச நேரம் பேச முடியாது.

கேள்வி: ஊரில் உள்ளதையெல்லாம் பரிந்துரைக்கிறீர்கள். உங்கள் நிகழ்ச்சியைப் பற்றி ஒரு வரி எழுதியதே இல்லையே?
— வாசகி, மேட்டூர்

பெரும்பாலும் திருமண வரவேற்புகளில்தான் பேசுகிறேன். பரிந்துரைத்தால், அழைப்பிதழ் இல்லாமல் நீங்கள் எல்லோரும் வந்துவிடுவீர்கள். சமையல்காரர் என்னிடம்தான் சண்டைக்கு வருவார்.