வீட்டுச் சண்டையும் பிள்ளையின் சுபாவமும்: கேள்வி பதில்

மதுரையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். சுற்றுவட்டார அன்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (செல்லூர், ஒரு தாய்): என் கணவர் குடித்துவிட்டு வந்து என்னை அடிப்பார்; மகனை ஒருநாளும் தொட்டதில்லை. ஆனாலும் ஒன்பது வயதாகும் அவன் எதற்கெடுத்தாலும் பொய் சொல்கிறான். இதற்கும் வீட்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, அம்மா. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களது சிறுவயதைப் பற்றி விசாரித்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளை அடிபடுவதை மட்டுமல்லாமல், தாய் அடிபடுவதைப் பார்ப்பதையும் குடிக்கு அடிமையானவரோடு ஒரே வீட்டில் வளர்வதையும் தனித்தனிப் பாதிப்புகளாகவே கணக்கிட்டார்கள். இத்தகைய பாதிப்புகள் கூடக்கூட, பிற்காலத்தில் குடிப்பழக்கமும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் அதிகமாவதை அவர்கள் கண்டார்கள்.

பொய்யைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மகன் வயதுடைய ஒரு சிறுவன், தெருமுனையில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதுமே புத்தகத்தை மூடிவிடுவதாகவும், அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போடும் விதத்திலிருந்தே அன்று எவ்வளவு குடித்திருக்கிறார் என்று தனக்குத் தெரிந்துவிடும் என்றும் என்னிடம் சொன்னான். "அம்மா எங்கே?" என்று அவர் கேட்டால், எந்தப் பதிலுக்குச் சண்டை வராதோ அந்தப் பதிலைத்தான் அவன் சொல்வான். வீட்டில் ஓர் இரவை அமைதியாகக் கடத்தித் தந்த அந்தப் பழக்கமே பள்ளிக்கும் அவனோடு போகிறது. அவனைப் பொய்யன் என்று வைவது நியாயமாகாது. உண்மையைச் சொன்ன நாளில் அடியும் ஏச்சும் இல்லை என்பதைப் பலமுறை பார்த்த பிறகுதான் அந்தப் பழக்கம் தளரும். அதற்கு முதலில் நீங்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவரோடு வாழும் வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி மையத்தை அழையுங்கள்.

கேள்வி (மேலூர், ஆசிரியை): எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் வீட்டை விட்டுப் போய்விட்டார். சமையலையும் தம்பியையும் அவளே கவனித்துக்கொண்டு நன்றாகவும் படிக்கிறாள். கவலைப்பட ஏதும் இருக்கிறதா?

பதில்: சேட்டை செய்யும் பிள்ளையை எல்லோரும் என்னிடம் அழைத்து வருகிறார்கள், இப்படிப்பட்ட பிள்ளையை யாரும் அழைத்து வருவதில்லை என்பதே என் நெடுநாள் வருத்தம். தனக்கென எதையும் கேட்கக் கூடாது என்று இந்த வயதிலேயே முடிவெடுத்துவிட்ட பிள்ளை, பின்னாளில் தம்பியை விட்டுப் போக மனமின்றி வெளியூர்ப் படிப்பைத் தட்டிக்கழிக்கும், அல்லது முதன்முதலாக "சாப்பிட்டாயா?" என்று கேட்டவரை நம்பி அவசரத் திருமணத்துக்குள் போய்விடும். பொறுப்பான பெண் என்று பாராட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். காலையில் அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள். வீட்டில் கவனிப்பாரே இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தெரிவியுங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி, ஒரு தாத்தா): மகனும் மருமகளும் பிரிந்துவிட்டார்கள். பேரன் எங்களிடம் வளர்கிறான். கோபம் வந்தால் அப்படியே அப்பன் புத்திதான். இவன் தேறுவானா?

பதில்: ஐயா, ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமையும் குடும்பச் சச்சரவும் சூழப் பிறந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அன்பும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவற்றில் முக்கியமானது, மாறாத அன்போடு உடனிருந்த ஒரு பெரியவர். பல வீடுகளில் அது தாத்தாவோ பாட்டியோதான். அந்த இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். ஆகவே "அப்பன் புத்தி" என்ற சொல்லை அவன் காதுபட இனி யாரும் சொல்லவிடாதீர்கள். பக்கத்து வீட்டாரையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி (பழங்காநத்தம்): பிள்ளைக்காகச் சேர்ந்து வாழ்வதா, பிரிவதா?

பதில்: ஓயாத சண்டைதான் பிள்ளையை அதிகமாக வாட்டுகிறது. எதை முடிவு செய்தாலும், பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள்.

கேள்வி (திருமங்கலம், இளைஞர், 26): அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குப் பெண் பார்க்கிறார்கள். நானும் அவரைப் போல ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, அப்படி வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் அடிப்பவர்களாக ஆவதில்லை. எனினும் கோபம் வந்ததும் கை ஓங்கும் பழக்கம் கண்ணால் பார்த்தே படிந்துவிடுவது என்பதால், உங்கள் பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். கோபம் ஏறும்போது உங்கள் உடம்பில் முதலில் எது மாறுகிறது என்று கவனியுங்கள்: தாடை இறுகலாம், காது சூடாகலாம். அந்த நொடியிலேயே இடத்தை விட்டு நகர்ந்து பழகுங்கள். அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். நிச்சயத்துக்கு முன்பு, எனக்கு எழுதிய இதே வார்த்தைகளை அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடுங்கள்.